மேல் ஸ்தாயி

ஜப்பானில் வெற்று மினிடிஸ்க் தயாரிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்த வாரத்தில் ரூபேந்திரன் ஒரு புதிய வீடியோ எடுத்தார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மாசாயில் இருந்த அவருடைய வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஐந்து கருவிகள் வரிசையாக இருந்தன. கேசட் போடும் பழைய வாக்மேன், மினிடிஸ்க் ரெக்கார்டர், சக்கரத்தைச் சுற்றிப் பாட்டைத் தேடும் எம்பி3 பிளேயர், சீனாவிலிருந்து வரவழைத்த புது டிஜிட்டல் பிளேயர், கடைசியில் ஒரு கைப்பேசி. ஒரே பாட்டை ஐந்திலும் ஓடவிட்டு எது எப்படி என்று சொல்வார். அவருடைய மனைவி மலர் எதிரில் உட்கார்ந்து படம் பிடிப்பாள். காலையில் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்த களைப்பு இருந்தாலும் இதற்கு மட்டும் அவள் மறுப்புச் சொன்னதில்லை.

மினிடிஸ்க் மீது ரூபேந்திரனுக்குத் தனிப் பாசம். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுர பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு சின்ன வட்டத்தகடு. கேசட்டுக்கும் சிடிக்கும் நடுவே வந்து, எம்பி3 தலையெடுத்ததும் அடையாளம் தெரியாமல் போன சரக்கு அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த இளம் வயதில் முதல் ரெக்கார்டரை வாங்கினார். பிறகு மாசாய்க்குப் பக்கத்துப் பாசிர் கூடாங்கில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் கம்ப்ரசர் கூடத்து ஆபரேட்டராகச் சேர்ந்தார். அங்கே அதே ஷிஃப்டில் இருந்த வேலு, உறுமி மேளக் குழுவில் உறுமி வாசிப்பவன். தைப்பூசம், தீமிதி, கல்யாணம் என்று வேலு எங்கே வாசித்தாலும் ரூபேந்திரன் சின்ன மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அப்படிப் பதிவுசெய்த டிஸ்க்குகள் அலமாரியில் இரண்டு தட்டுகளை நிறைத்திருந்தன.

"என் ஓட்டு மினிடிஸ்க்குக்குத்தான்," என்று அந்த வீடியோவில் தீர்ப்புச் சொன்னார். "மத்ததுல எல்லாம் பின்னால ஏதோ ஒரு இரைச்சல் இருக்கு. இதுல பாருங்க, தொடச்சி வெச்ச மாதிரி இருக்கு. செத்துப்போன சாமான்னு சொல்றவங்க ஒரு தடவ காதுகொடுத்துக் கேளுங்க லா."

அவருடைய சேனலைப் பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான் என்றாலும் விடாமல் பார்ப்பவர்கள். அவர்களில் பொந்தியானில் இருந்த ஷாந்தினி என்ற பெண் மறுநாள் எழுதியிருந்தாள்: "அண்ணா, மினிடிஸ்க் ஓடுறப்ப கொசு கத்துற மாதிரி ஒரு கீச்சு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

உங்கள் இயர்போனைச் சரிபாருங்கள் என்று பதில் எழுதினார். அன்று மாலைக்குள் வேறு பலரும் அதையே எழுதினார்கள். ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான்.

ரூபேந்திரன் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மலர் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மலரு, இதக் கொஞ்சம் மாட்டிப் பாரு. கீச்சுன்னு ஏதாச்சும் வருதா?"

அவள் மாட்டிய உடனே சொன்னாள். "வருதே."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளாவே வருது. அந்த மிஷினே அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

அவர் நம்பவில்லை. கைப்பேசியில் காதைச் சோதிக்கும் செயலி ஒன்றை இறக்கினார். தாழ்ந்த ஒலியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறும். இருவரும் நடுவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் ஏறிய பிறகு ஒலி நின்றுபோனது.

"நின்னுருச்சு. நெட் போயிருச்சா?" என்றார்.

மலர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு முகம் சுளித்திருந்தாள். அவர் கேட்டது புரிந்ததும் கைகளை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சோதித்த பெண் மலாய்மொழியில் நிதானமாக விளக்கினாள். மேல் ஸ்தாயி ஒலிகள் இரண்டு காதுகளிலும் ஏறக்குறைய போய்விட்டன. பேச்சு கேட்கும். சீறல், கீச்சொலி, பறவைச் சத்தம் கேட்காது. போனது திரும்பாது. ஆலையில் காதுக்கவசம் போடுவதில்லையா என்று கேட்டாள். போடுவேன் என்று சொல்லிவிட்டார்.

போடுவார்தான். ஆனால் கூடத்துக்குள் போனதும் கழற்றிவிடுவார். மெஷினோடு பேச வேண்டுமானால் காது திறந்திருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். ஆண்டுதோறும் கம்பெனி வாசலுக்கு வரும் காது சோதனை வேனில் ஒலி கேட்கும்போது பட்டனை அழுத்த வேண்டும்; அவரோ சின்ன சன்னல் வழியாகப் பார்த்து, ஒலியைப் போடுகிற ஆள் தோளை அசைக்கும்போதெல்லாம் அழுத்துவார். எல்லாரும் செய்வதுதான், சீக்கிரம் வெளியே வரலாம் என்று நினைத்திருந்தாரே தவிர அதை ஒரு தப்பாக எண்ணியதில்லை.

காரில் திரும்பும்போது மலர் சொன்னாள். "நாளைக்கே கம்பெனியில சொல்லிருங்க."

"சொன்னா கூடத்த விட்டு எடுத்துருவாங்க. ஸ்டோர்ல ஒக்காந்து கையொற எண்ணச் சொல்லுவாங்க. அதுக்கா இத்தன வருசம்?"

"ஆபத்தான எடம்ங்க அது."

"நீ பேசுறது கேக்குது, அலாரம் அடிச்சா கேக்குது. வேற என்னா கேக்கணும்? கொசு கத்துறதா?"

சேனலையும் அவர் விடவில்லை. அடுத்த வீடியோவுக்கு மலரைக் காதாக வைத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு பிளேயரையும் கேட்டு, இதில் ஜால்ரா கூர்மையாக இருக்கிறது, இதில் குரல் கம்மி என்று சொல்லுவாள். அவர் அதைத் தன் பேச்சாக்கி கேமராவைப் பார்த்துச் சொல்லுவார். முன்னைவிட நன்றாக இருக்கிறது, அண்ணனுக்குக் காது கூர் என்று பலர் எழுதினார்கள். அவர் அதை வாசித்துக் காட்டியபோது மலர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தீபாவளி முடிந்து சில நாட்களில் அது நடந்தது.

காலையில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவரும் சுற்றில் ரூபேந்திரன் கூடத்தின் மேல்தளத்துக்குப் போனார். நீராவிக் குழாய்கள் போகும் இடம். அங்கே சாரம் கட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் தொழிலாளி ஒருவன் அவரைக் கண்டதும் கையசைத்தான். குழாயைக் காட்டினான். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னான். கம்ப்ரசர் இரைச்சலில் வார்த்தை கேட்கவில்லை. காதடைப்பான் கேட்கிறான் என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தான். ரூபேந்திரன் அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கி, எல்லாம் சரி என்று கண்ட்ரோல் அறைக்குச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலு அழுத்த மீட்டரில் அளவு பார்க்க மேலே ஏறினான். படிக்கட்டிலேயே அவனுக்குச் சீறல் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு குழாய்ப் பக்கம் போனான். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்கப் போட்டிருந்த அடைப்பு வளையம் அந்த நேரத்தில் பிய்த்துக்கொண்டது. கொதி நீராவி பீறிட்டது. முகத்தை மறைக்க வேலு கையைத் தூக்கினான். முகம் தப்பியது. இடது கையும் கழுத்தும் வெந்தன.

அவனைத் தூக்கி இறக்கியவர்களில் ரூபேந்திரனும் ஒருவர். வேலு அலறவில்லை. "அண்ணே, கைய மட்டும் பாக்காதீங்கண்ணே," என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மருத்துவமனை நடைவழியில் வேலுவின் மனைவி செல்வராணி ரூபேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்ல வேளை நீங்க இருந்தீங்கண்ணே. ஒடனே தூக்கிட்டு வந்தீங்களே."

அவர் கையை விடுவித்துக்கொள்ள முடியாமல் நின்றார்.

பாதுகாப்பு அதிகாரி ஹஃபிஸ் அவரை அழைத்து விசாரித்தபோது எல்லாம் ஏற்கெனவே முடிவான மாதிரி இருந்தது. காலைச் சுற்றில் கசிவு இல்லை; அதற்குப் பிறகு தொடங்கியிருக்கிறது; பழைய அடைப்பு வளையம். ரூபேந்திரன் ஆமாம் என்று தலையசைத்தால் போதும். சாரம் கட்டியவனை அவனுடைய காண்டிராக்டர் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அப்போது சீறல் ஏதும் கேட்கவில்லை, அப்படித்தானே?" என்று ஹஃபிஸ் மலாயில் கேட்டார்.

"கேட்கவில்லை," என்றார் ரூபேந்திரன். ஹஃபிஸ் பேனாவை மூடப் போனார். "இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் காது போய்விட்டது. சில மாதங்களாகவே தெரியும். தெரிந்துதான் ஏறினேன்."

சாரம் கட்டியவன் குழாயைக் காட்டியதையும், தான் காதடைப்பான் கொடுத்ததையும் சொன்னார். வேனில் தோள் அசைவதைப் பார்த்துப் பட்டனை அழுத்தியதையும் சொன்னார். ஹஃபிஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

செய்தி அவருக்கு முன்னால் வேலுவின் வீட்டுக்குப் போய்விட்டது. வேலு மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் ரூபேந்திரனும் மலரும் போனார்கள். செல்வராணி கதவைப் பாதி திறந்து வழியை மறித்து நின்றாள்.

"கேக்கலன்னு தெரிஞ்சும் ஏன்ணே மேல போனீங்க?"

"தப்புதாம்மா."

"வேற யாராச்சும் போயிருந்தா காலையிலயே கேட்டுருக்குமா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டுருக்கும்."

அவள் மலரைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் தெரியுமாக்கா?" மலர் தலையைக் குனிந்துகொண்டாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே வேலு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ரூபேந்திரனுக்குக் கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

வேலுவின் இடது கை விரல்கள் ஒட்டிச் சுருண்டுபோயின. வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்த்துத்தான் உறுமியை முனகவைப்பான். அந்தக் குச்சியை இனி அவனால் பிடிக்க முடியாது என்று மருத்துவர் சொன்னதாக மற்றவர்கள் மூலம் தெரிந்தது.

ரூபேந்திரனை வேலையிலிருந்து எடுத்துவிடவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள். கேண்டீனில் அவர் உட்கார்ந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சேனலில் கடைசியாக ஒரு வீடியோ போட்டார். மேசையில் எதுவும் இல்லை. எனக்குக் காது கேட்பதில்லை, போன வீடியோவில் சொன்னதெல்லாம் என் மனைவி கேட்டுச் சொன்னது, என்னை நம்பி யாரும் எதையும் வாங்காதீர்கள் என்று சொல்லி முடித்தார். ஷாந்தினி மட்டும் ஏதோ ஆறுதலாக எழுதினாள். அவர் அதற்குப் பதில் போடவில்லை.

அதற்குப் பிறகு வேறொரு வேலை அவரைப் பிடித்துக்கொண்டது. வேலு வாசித்த டிஸ்க்குகளை எல்லாம் கணினிக்கு மாற்றி அவனிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டோரிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். பாதியில் ரெக்கார்டர் முரண்டு பிடித்தது. டிஸ்க்கைப் போட்டால் சுழன்று பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. சிங்கப்பூருக்கு எடுத்துப் போனார். கடைக்காரச் சீனர் மூடியைத் திறந்து உள்ளே இருந்த லேசரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குப் பார்ட்ஸ் இல்ல. வேற செத்த மிஷின் கொண்டுவந்தா அதுலேர்ந்து எடுக்கலாம். அதுவும் செத்ததாத்தான் இருக்கும்."

இணையத்தில் தேடி வாங்கிய வேறொரு ரெக்கார்டர் சில டிஸ்க்குகளை மட்டும் படித்தது. மாற்றியதெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. மலர்தான் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சில இடங்களில் ஒலி வெட்டி வெட்டி வந்தது. ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டு அவள் அழுதாள்.

"என்னா, கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லா வந்திருக்கு."

மீட்க முடிந்ததைச் சின்ன டிரைவில் போட்டு மலர் மட்டும் எடுத்துப் போனாள். செல்வராணி வாங்கிக்கொண்டாள். ஆனால் வேலு அதைக் கேட்கவில்லை என்று பிறகு சொல்லியனுப்பினாள். கேட்கச் சொல்லி இனி வற்புறுத்தவும் வேண்டாம் என்றாள்.

தைப்பூசத்தன்று காவடிகள் வரும் சாலையோரம் கூட்டத்துக்குள் வேலு நின்றிருந்தான். அவனுடைய பழைய குழு வேறொருவனை உறுமிக்கு வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வேலு கையைத் துண்டால் மூடியிருந்தான். ரூபேந்திரன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றார். செல்வராணி திரும்பிப் பார்த்தாள். ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

மேளம் நெருங்கியது. தவிலின் அடி ரூபேந்திரனுக்கு நெஞ்சில் மோதியது. உறுமியின் முனகல் மங்கலாக, சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் வந்தது. குழு அவர்களைக் கடக்கும்போது வேலு அவர் பக்கம் முகத்தைத் திருப்பாமலே ஏதோ சொன்னான். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

முன்பென்றால் கேட்டதுபோல் தலையை ஆட்டிவைத்திருப்பார்.

"கேக்கல வேலு," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

வேலு அவரைப் பார்த்தான். பிறகு சொன்னதைத் திரும்பச் சொல்லாமலே கூட்டம் நகர்ந்த பக்கமாக மனைவியோடு நடந்துபோனான்.