பார்த்து உறுதி செய்தேன்

வீல் என்று சைரன் அலறியது. மூன்றாம் வரிசையின் கன்வேயர் பெல்ட் நின்றது. வெட்டாத சூரை மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தரையில் வழுக்கி விழுந்தன. ஐம்பது பெண்கள் கத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பதினேழாம் இடம் காலி.

“எங்க அந்த டோர்காஸ்?” என்று கத்தினார் சூப்பர்வைசர் போமாய்.

“கக்கூஸுக்கு ஓடிட்டா.”

“அட்டை இங்கதானே தொங்குது! அட்டை இல்லாம எப்படிப் போவா?”

“அட்டை கிடைக்கிற வரைக்கும் அவளுக்கு வந்தது காத்திருக்குமா?” பின்வரிசையில் யாரோ சொல்ல, முகமூடிகளுக்குள் சிரிப்பு ஓடியது.

லே என்ற தீவு நாட்டு நகரத்தின் துறைமுகத்துக்கு அருகே இருந்த அந்த டப்பா மீன் ஆலையில் வரிசைக்கு இரண்டு சிவப்பு அட்டைகள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒருத்திக்கு நாளுக்கு இரண்டு தடவை. மாதவிலக்கு என்றால் கூடுதலாகப் போகலாம். ஆனால் ஆலை கிளினிக் நர்ஸின் சீட்டு வேண்டும். போமாய் சிம்பு மலைக்காரர். அந்த நாட்களில் பெண் தொட்டதைத் தொட்டால் ஆணுக்கு மூச்சு இரைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர். அட்டையைக் கையால் வாங்க மாட்டார். கம்பிக் கொக்கியால் இழுத்து ஆணியில் மாட்டுவார்.

டோர்காஸ் திரும்பி வந்தாள். இருபத்திரண்டு வயது. தாயும் இரண்டு தங்கைகளும் அவளை நம்பித்தான் இருந்தார்கள்.

“மூணாவது தடவை இப்படிப் பண்ணியிருக்க. மூணுன்னா வேலை போச்சு. ரெண்டு மணிக்கு மானேஜர் ரூமுக்கு வா,” என்றார் போமாய்.

அவள் வெளியே போய் போன் செய்தாள். தொழிற்சங்கச் செயலாளருக்கு அல்ல, சிஸ்டர் தெக்லாவுக்கு.

தெக்லா பதினோரு வருடம் அந்த ஆலை கிளினிக்கில் நர்ஸாக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, பெண்களுக்காக ஊர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சந்தைக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட வைத்தார். பள்ளிப் பெண்களுக்குத் துவைத்துப் போடும் துணிப்பட்டை தைக்கக் கற்றுக்கொடுத்தார். கூச்சப்பட்டுப் பேச அவருக்குத் தெரியாது.

இரண்டு மணிக்குத் தோளில் நூலால் பின்னிய பிலும் பை தொங்க, மானேஜர் கலுவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டு ஊர் சுத்தப் போகல, பாஸ். துணி மாத்தப் போனா. அதுக்கா வேலையை விட்டுத் தூக்குவீங்க?”

“ரெண்டு தடவைக்கு மேலன்னா சீட்டு வாங்கிட்டுப் போகச் சொன்னேன்,” என்றார் போமாய். “வாங்க மாட்டேன்னா.”

“சீட்டு வேணும்னா காட்டணும்,” என்றாள் டோர்காஸ்.

மானேஜருக்குப் புரியவில்லை. “எதைக் காட்டணும்?”

“திரைக்குப் பின்னாடி போய் நர்ஸ்கிட்ட காட்டணும், பாஸ். அவங்க பார்த்துட்டு எழுதித் தருவாங்க. நான் காட்ட மாட்டேன்.”

மானேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “எவன் போட்ட விதி இது?”

இதற்காகவே காத்திருந்ததுபோல் போமாய் ஒரு தாளை மேஜையில் வைத்தார். “எவனும் இல்ல பாஸ். எவள்னு கேளுங்க. அடியில பேர் இருக்கு. இப்ப நமக்கு நியாயம் சொல்ல வந்திருக்காங்களே, இதே சிஸ்டர்தான்!”

தெக்லா தாளை எடுத்தார். ‘தொழிலாளிக்கு மாதவிலக்கு என்பதைப் பார்த்து உறுதி செய்தேன்.’ அதன் கீழே, ‘தயாரித்தவர்: தெக்லா வாபி, நர்ஸ்’. எட்டு வருடத்துக்கு முன் எழுதியது. தான் போனதும் அந்தப் படிவமும் போயிருக்கும் என்று நினைத்திருந்தார்.

“ஆமா, நான்தான் எழுதினேன்,” என்றார் தெக்லா. குரல் தாழவில்லை. “அப்ப சூப்பர்வைசருங்க ‘பொய் சொல்றா’ன்னு பொண்ணுங்களை விரட்டினாங்க. நர்ஸ் கையெழுத்து இருந்தா வாயை மூடுவாங்கன்னு நினைச்சேன். உதவி பண்றேன்னு நினைச்சு அவங்க மானத்தை வாங்கிட்டேன். தப்பு பண்ணினவளே சொல்றேன், இது தப்பு.”

“அதெப்படி? சும்மா சொல்லிட்டுப் போறவளை எப்படி நம்பறது?” போமாய் விடவில்லை.

“நீங்க பாக்கு போடுவீங்கல்ல?”

போமாயின் உதடுகள் சட்டென்று மூடிக்கொண்டன. ஆலைக்குள் பாக்குக்குத் தடை.

“காலையிலேர்ந்து எத்தனை தடவை துப்பப் போனீங்க?”

“அது... ஒரு நாலு தடவை.”

“யார்கிட்ட வாயைத் திறந்து காட்டிட்டுப் போனீங்க? யார் பார்த்து உறுதி செஞ்சாங்க?”

மானேஜர் சிரிப்பை அடக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். போமாயின் முகம் காது மடல்கள் வரை சூடேறியது.

“ஆம்பளை எச்சில் துப்பப் போனா அவன் சொல்லு போதும். பொண்ணு துணி மாத்தப் போனா மட்டும் சாட்சி கேக்கறோம்,” என்றார் தெக்லா. “பொண்ணோட உடம்புக்கு அவ சொல்லுதான் சாட்சி. அதுக்கு மேல எவன் கேட்டாலும், நர்ஸே கேட்டாலும், அது அவமானம்தான்.”

மானேஜர் ஜன்னலிலிருந்து திரும்பினார். “நாளையிலேர்ந்து அட்டையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். போறவ பக்கத்துல நிக்கிறவகிட்ட சொல்லிட்டுப் போகட்டும். போமாய், இந்தப் பொண்ணு பேர்ல இருக்கற மூணு புகாரையும் அடிச்சிடு.”

“சரி, பாஸ்.” போமாய் தயங்கினார். பிறகு டோர்காஸைப் பார்க்காமலே, “நாளைக்கு ஆறு மணி ஷிப்ட்டு. லேட்டா வராதே,” என்றார்.

தெக்லா அந்தப் படிவத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

வெளியே வந்ததும் டோர்காஸின் தோளில் கை வைத்தார். “என்னை மன்னிச்சிடும்மா. என் பேர் அதுல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நீ என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்ட.”

“தெரியும் சிஸ்டர்,” என்றாள் டோர்காஸ். “கிளினிக்ல அந்தத் தாள்ல உங்க பேரைப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டேன். எழுதின கையே கிழிக்கட்டும்னு.”