வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மூன்றாவது டம்ளர் வாழைத்தண்டுச் சாறும் உள்ளே போயிற்று, பலன் ஒன்றையும் காணோம். நேற்று மத்தியானத்திலிருந்து தாவூதுக்கு ஒரு சொட்டுச் சிறுநீர்கூடப் பிரியவில்லை. “எங்க காக்காவுக்கு வந்த மாதிரி கல்லுதான், குடிச்சா கரைஞ்சிடும்” என்று தன் அண்ணனை உதாரணம் காட்டி அவரேதான் தண்டு வாங்கிவரச் சொன்னார். கரைவதாவது! அடிவயிறு பானைபோல உப்பியதுதான் மிச்சம்.

“கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கி,” என்றாள் மனைவி மெஹர் பானு.

“செத்த பொறு, பானு.”

“பொறுத்தது போதும். எந்திரிங்க!”

சனிக்கிழமை வேறு. திருநள்ளாறு போகிற வெளியூர்க் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது தாவூது “யா அல்லாஹ்” என்று துடித்தார். மெஹர் பானுவுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

டாக்டர் கீர்த்திகா வயிற்றை அமுக்கிப் பார்த்து உடனே டியூப் போட்டார். ஒன்றேகால் லிட்டர் வடிந்தது. தாவூதுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிய மத்தியானமாகிவிட்டது.

“கல்லு இல்லம்மா. ப்ராஸ்டேட் வீங்கி மூத்திரப் பாதைய நெரிச்சிருக்கு. அடைச்சுக் கெடக்கறப்ப மேல மேல சாறு ஊத்தினா பை என்னதான் பண்ணும்? எத்தன நாளா சிரமம்?”

தாவூது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ரெண்டு வருசமாங்க. கை காலு மொகம் கழுவி ஒளு எடுத்துட்டுத் தொழுகைக்கு நின்னா கைலியில சொட்டிடும். ஒளு முறிஞ்சிடும்ல? அதான் வெள்ளிக்கிழமைல தண்ணியே குடிக்கிறதில்ல.”

இரண்டு வருசம்! வெள்ளிக்கிழமைகளில் அவர் டீயைக்கூடத் தொடாததைப் பக்தி, பேணுதல் என்று நினைத்து அக்கம்பக்கத்திலெல்லாம் பெருமையடித்திருக்கிறாள் அவள்.

“அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே சரி பண்ணப் பாத்திருக்கலாம். இப்ப மூத்திரம் தேங்கி ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு, ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு. டியூப் இருக்கட்டும், அப்புறம் ஆப்பரேஷன். கிட்னி எவ்வளவு தேறும்னு பாத்துத்தான் சொல்லணும்.”

டாக்டர் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? கட்டுனவகிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடும்?”

“ஒனக்கு எதுக்குக் கவலையக் குடுக்கணும்னுதான்...”

“இப்ப என்னத்தக் குடுத்திருக்கீங்க?”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். மெஹர் பானு குரலைத் தாழ்த்தவில்லை.