ஏழு நிரைப் போர்வை

குளவி கொட்டியது செவ்வாய்க்கிழமை. தங்கை நிலக்ஷியின் பிள்ளைக்குத் தீட்டுக் கழிக்கும் முப்பத்தொன்றாம் நாள் அடுத்த செவ்வாய்க்கிழமை. இடையில் இருந்தது ஒரே வாரம். அழகம்மாவின் வலது கையோ முழங்கை வரைக்கும் வீங்கிக் கிடந்தது. ஊசி பிடிக்க வேண்டிய இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொட மாட்டேன் என்றன.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது தேயிலைச் செடிக்கடியில் இருந்த கூடு கலைந்துவிட்டது. நான்கைந்து பேருக்குக் கொட்டு. மற்றவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்ப, அழகம்மாவை மட்டும் ஆஸ்பத்திரியில் தங்கச் சொல்லி மறித்துக்கொண்டார்கள்.

"புள்ளைக்குத் தக்கிற போர்வ என்னாகுறதுங்க?" என்று பார்க்க வந்த புருஷன் சோலைமலையிடம் கேட்டாள்.

"கை என்னாகும்னு கேளு மொதல்ல" என்றான் அவன்.

அவள் தைப்பதை லயத்து வரிசை வீடுகளில் துண்டுப்போர்வை என்பார்கள். பழைய சேலை, சட்டை, பாவாடை எல்லாவற்றையும் ஒரு சாண் சதுரமாக வெட்டி, வரிசை வரிசையாகச் சேர்த்து, நடுவில் நைந்த கம்பளியை வைத்து, அடித்துணி கொடுத்துக் கையாலேயே தைப்பாள். அக்கரப்பத்தனை மலைக் குளிருக்குக் கடைப்போர்வை இரண்டு போட்டாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. புருஷனுக்கு ஒன்று, பையன்கள் இருவருக்கும் ஒவ்வொன்று, தங்கை நிலக்ஷி படிக்கப் போனபோது அவளுக்கு ஒன்று. இதில் அழகம்மாவுக்கு இரண்டு பிடிவாதம். வீட்டுத் துணி தவிர வெளித்துணி சேரக் கூடாது. தன் கை தவிர வேறு கை படக் கூடாது. போர்வையை இரவல் கேட்டால் கொடுத்துவிடுவாள், ஊசியைத்தான் கொடுக்க மாட்டாள் என்று லயத்தில் சொல்வார்கள்.

அம்மா போனபோது நிலக்ஷிக்கு ஒன்பது வயது, அழகம்மாவுக்கு இருபது. அன்றிலிருந்து அக்காதான் எல்லாம். தங்கை படித்து டீச்சரானாள். நுவரெலியாவில் கூடப் படிப்பித்த கஜதீபனைக் கட்டிக்கொண்டாள். அவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவனுக்கும் தாய் தகப்பன் இல்லை. அக்கா ரஜனிதான் ஆளாக்கியவள். அவளும் டீச்சர், கல்யாணம் கட்டாதவள், அதே வீட்டில் இருக்கிறாள்.

கல்யாணத்தன்று அந்த ரஜனி சொன்ன ஒரு வார்த்தை அழகம்மாவின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியிருந்தது. "தோட்டத்து ஆக்களுக்கு முதல் பந்தியை விடுங்கோ." பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அக்கறையில் சொன்னாளா, சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்று சொன்னாளா? ஒன்றரை வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் விளங்கவில்லை. அதனால்தான் அந்த வீட்டுக்குப் போகிற போர்வையில் ரஜனி டீச்சர் விரல் வைத்துக் காட்ட ஒரு குறை இருக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுத் துண்டு. ஒரு வரிசை தைத்து முடித்துவிட்டாள். மீதி ஆறும் வெட்டி அடுக்கி, வரிசை வாரியாக நூலால் கட்டி, சொப்பிங் பேக்கில் கிடந்தன.

அந்தப் பையைத்தான் வேலாயி தூக்கிக்கொண்டு போனாள்.

வேலாயி அழகம்மாவுக்குப் பக்கத்து நிரைக்காரி. மலையில் ஆளுக்கு ஒரு வரிசைச் செடி, அதுதான் நிரை; தன் நிரையில் உள்ள செடியில்தான் கொழுந்து எடுக்கலாம். அடுத்த நிரையில் கை வைத்தால் அன்றைக்கு முழுக்க வாய்ச்சண்டைதான். அதே கணக்கில், ஆஸ்பத்திரியில் அழகம்மா படுத்திருந்த நேரம், வேலாயி கொழுந்து நிறுக்கும் இடத்தில் பையைப் பிரித்து, "ஆளுக்கொரு நெர எடுத்துக்கங்கடி" என்று ஆறு கட்டையும் பகிர்ந்துவிட்டாள். ஐந்து பெண்கள் ஐந்தை எடுத்துக்கொள்ள, ஆறாவதை அவளே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பிய அழகம்மாவுக்குப் பை போன கதை தெரிந்தது; கை இருந்த இருப்பில் இந்த ஒரு தடவை போகட்டும் என்று விட்டுவிட்டாள். சனிக்கிழமை பின்னேரம் வேலாயியும், போன வருஷம் இந்த லயத்துக்கு வாழ வந்த கிருஷாந்தியும் ஒரு கூடை நிறையத் துணியோடு வந்து நின்றார்கள்.

"இந்தா, ஒன் தங்கச்சி புள்ளைக்கு. ஒத்த ராத்திரி தூங்கலடி நானு" என்றாள் வேலாயி.

"பொய் சொல்றாங்க அக்கா. எட்டு மணிக்கே கொறட்ட சத்தம் செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்க காம்பராவுக்குக் கேட்டுச்சு" என்றாள் கிருஷாந்தி.

சிரித்துக்கொண்டே அழகம்மா முதல் வரிசையை விரித்தாள். விரித்தாள், விரித்தாள், அது முடியவில்லை. அடுத்ததை விரித்தாள். அது இன்னும் நீளம். ஒன்றில் பத்துத் துண்டு, ஒன்றில் பதின்மூன்று. வேலாயியின் வரிசையில் பதினான்கு. கிருஷாந்தியின் கல்யாணச் சட்டைத் துணி, யாரோ ஒரு பையனின் பள்ளிக்கூடக் காற்சட்டை, தேயிலைக் கறை போகாத ஒரு ரவிக்கை, எல்லாம் நடு நடுவே புகுந்திருந்தன.

அழகம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் எட்டுத் துண்டுதானே வச்சிருந்தேன்?"

"ஆமா, எட்டு வச்சிருந்த. எட்டையும் தச்சு அப்படியே கொண்டாந்து குடுத்தா என்ன மரியாத? கொழுந்து கொறஞ்சா அரைநாள் கூலின்னு அரைப்பேரு போடுறாங்கள்ல. புள்ளக்கி போர்வ தச்சதுல அரைப்பேரு வாங்கினவன்னு நாளைக்கு ஒருத்தி என்னையச் சொல்லக் கூடாதுல்ல?"

"வேலாயி அக்கா பதினொண்ணு போட்டாங்கன்னு கேள்விப்பட்டு மத்தவங்க பன்னெண்டு, பதிமூணுன்னு போட்டாங்க" என்று கிருஷாந்தி விளக்கினாள். "அது தெரிஞ்சு இவங்க பதினாலாக்கிட்டாங்க. எனக்குத்தான் துணி பத்தல, பத்தோட நின்னுட்டேன். கோவிச்சுக்காதீங்க அக்கா."

"ஒவ்வொருத்தியும் மத்தவ நெரயப் பாத்தீங்களா, அளவாவது பாத்தீங்களா?"

"அடுத்தவ நெரய நான் எதுக்குப் பாக்கிறேன்?" என்றாள் வேலாயி, நியாயம் தன் பக்கம் என்ற தெளிவோடு.

அழகம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அவர்கள் போனதும் கத்தரிக்கோலை எடுத்து இடது கையில் பிடித்தாள். எட்டாவது துண்டோடு வெட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எட்டாவது துண்டு எது? கூடுதல் துண்டுகளைக் கடைசியில் சேர்த்திருந்தால் வெட்டலாம். இவர்கள் அழகுக்காக இடையிடையே கோத்திருந்தார்கள். அம்மாவின் நீலச் சேலைத் துண்டுக்குப் பக்கத்தில் வேலாயியின் சிவப்புப் பாவாடை. அதற்கு அப்பால் நிலக்ஷியின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. இதில் எட்டோடு வெட்டினால் போவது வீட்டுத் துணிதான். எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டும். வீங்கிய கையால் நடக்கிற காரியமா அது?

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த சோலைமலை எட்டிப் பார்த்தான். "வெட்டு, வெட்டு. கை ஆறினதும் அவங்களோடதான் மலைக்குப் போகணும். அதையும் நெனச்சிக்கிட்டு வெட்டு."

"நீங்க ஒங்க வேலயப் பாருங்க" என்றாள். ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

ஞாயிறும் திங்களும் தடித்த ஊசியை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஏழு வரிசையையும் சேர்த்தாள். கம்பளியும் அடித்துணியும் கொடுத்தாள். ஒரு பக்கம் நேராக வந்தது. மறுபக்கம் பல்லுப் போன சீப்பு மாதிரி, ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் நின்றது. எல்லாவற்றிலும் குறைந்தது அவள் தைத்த வரிசை. பிள்ளை வளர்ந்த பிறகும் போர்த்தட்டும் என்று ஓராள் அளவில் தொடங்கியது பெரியவர்கள் இரண்டு பேரைப் போர்த்தும் அளவுக்கு நீண்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவளும் சோலைமலையும் கிளம்பினார்கள். மடியில் பை கனத்தது. வளைவுக்கு வளைவு, ரஜனி டீச்சர் அந்தப் பல்லுப் போன பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோல் அழகம்மாவுக்குத் தோன்றிக்கொண்டே வந்தது. நுவரெலியாவில் இறங்கியதும் நேரே கடைத்தெருவுக்கு நடந்தாள்.

"எங்க போற?"

"ஒரு போர்வ வாங்கணும்."

சோலைமலை அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பின்னாலேயே நடந்தான். கடைக்காரரோடு சிங்களத்தில் பேசி, கரடிப் படம் போட்ட ரோஸ் நிறக் குழந்தைப் போர்வை ஒன்றை வாங்கினாள். கண்ணாடித் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள்.

நிலக்ஷி வீட்டில் ஐயர் வந்து தீட்டு நீங்கப் புண்ணியாகம் செய்துவிட்டுப் போயிருந்தார். சாம்பிராணி வாசம் இன்னும் இருந்தது. நிலக்ஷி பிள்ளையோடு கட்டிலில் இருந்தாள். ஆண்பிள்ளை; இறந்துபோன அம்மாவின் மூக்கு.

"வாங்கோ, வாங்கோ" என்று ரஜனி எழுந்து வந்தாள். உயரமான, மெலிந்த பெண். "கை எப்பிடி இருக்கு? நிலக்ஷி சொல்லிச் சொல்லி அழுதவள்."

"பரவால்லங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அழகம்மா பிள்ளையை வாங்கிக் கொஞ்சினாள். திருப்பிக் கொடுத்த பிறகு கடைப்போர்வையை நீட்டினாள். துண்டுப்போர்வைப் பையைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டாள்.

"வடிவா இருக்கு" என்று ரஜனி அதை வாங்கி மேசையில் வைத்தாள். அங்கே வந்த சாமான்கள் குவிந்திருந்தன. அதில் ரோஸ் நிறத்தில் இரண்டு, நீலத்தில் ஒன்று, எல்லாவற்றிலும் அதே கரடி.

நிலக்ஷி மேசையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "எங்க அக்கா?"

"எது எங்க?"

"போர்வ. நீ எனக்குத் தச்ச மாதிரி. அவனுக்குன்னு தச்சேன்னு போன்ல சொன்னியே."

"கை இப்படி இருக்கையில எப்படித் தக்கிறது? முடிக்கல."

"அப்ப அந்த பையில என்ன?"

"அதுவா, அது மரக்கறி வாங்க…"

"ஏழு மொழம் மரக்கறி" என்றான் சோலைமலை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

நிலக்ஷி பிள்ளையை ரஜனியின் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்து பையை இழுத்தாள். போர்வை சுருள் பிரிந்து, கட்டில் வரைக்கும் தரையில் பரவியது.

ரஜனி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கொப்பி திருத்துகிறவள் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கடைசியில் விரலை நீட்டினாள். நீட்டிய இடம் அந்தப் பல்லுப் போன பக்கம்.

"இது ஏன் இப்பிடி ஏறி இறங்கி நிக்குது?"

பொய் சொல்லி ஒருமுறை பிடிபட்டாயிற்று; இனி என்ன? அழகம்மா தரையில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள். குளவியில் தொடங்கி, பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு வரைக்கும். "நீண்டு நிக்கிறது வேலாயி நெர. இந்தக் காற்சட்டத் துணி அவ மகனுது. இது கிருஷாந்தி, கல்யாணச் சட்டய வெட்டியிருக்கா பைத்தியக்காரி. கடைசியில கட்டையா நிக்கிறது நான் தச்சது."

"ஏழு பேர் தைச்சதோ?" என்றாள் ரஜனி. "அவையள் ஆரும் இவனைக் கண்டதும் இல்லையே."

"இல்லங்க. நிலக்ஷி புள்ளன்னா அவங்களுக்கும் புள்ளதான்."

ரஜனி பிள்ளையை நிலக்ஷியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போனவள் வரவில்லை. அழகம்மா போர்வையைச் சுருட்டத் தொடங்கினாள். பாதி சுருட்டுகையில் ரஜனி ஒரு கிளிப்பச்சை நூல் சேலையோடு திரும்பி வந்தாள்.

"விரியுங்கோ" என்றாள். "இது எங்கட அம்மான்ரை. இருவது வருசமா மடிச்சு வைச்சிருக்கிறன். உடுக்கவும் மனமில்லை, குடுக்கவும் மனமில்லை." அழகம்மாவின் வரிசை முடிந்த வெற்றிடத்தில் சேலைத் தலைப்பை வைத்துப் பார்த்தாள். "இந்த இடத்தில எங்கட பக்கத்துத் துணியும் வரலாமோ? உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் வேண்டாம்."

வெளித்துணி. வேறு கை. அழகம்மா அந்தப் பச்சைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாகியிருந்தது.

"வரட்டும் டீச்சர். ஆனா என்னால வெட்ட முடியாது. கை மடங்காது."

"நான் வெட்டுறன். எனக்குத் தைக்கத் தெரியாது, சொல்லித் தாங்கோ."

"ஒரு சாண் வச்சு வெட்டுங்க. ஒங்க சாண் வேணாம், அது நீளம். என் சாண்."

அழகம்மா கையை விரித்து வைத்தாள். வீங்கிய விரல் முழுதாக விரியவில்லை. ரஜனி அந்த அளவையே பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் சேலையில் கத்தரிக்கோலை வைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் போயிற்று. நான்கு துண்டு வெட்டினாள். பிறகு இன்னும் இரண்டு வெட்டினாள். அழகம்மாவின் எட்டோடு சேர்த்துப் பதினான்காயிற்று.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ரஜனி ஊசியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தாள். தையல் ஒன்று நெல்லளவு, அடுத்தது அவரை விதையளவு. பிரித்துத் தைக்கச் சொல்ல அழகம்மாவுக்கு நாக்கு துடித்தது. இரண்டாவது துண்டில் ரஜனி தானே பிரித்தாள்.

"இஞ்சை பிழைச்சுப் போச்சு."

"பழகிரும். நான் மொதல்ல தச்சத பாத்தீங்கன்னா சாக்குன்னு நெனச்சிருப்பீங்க."

ரஜனி சிரித்தாள். "இண்டைக்கு நிண்டிட்டுப் போங்கோவன். நாளைக்கு முடிச்சிடலாம்."

சோலைமலை பஸ் நேரத்தைச் சொல்ல வாயெடுத்தான். நிலக்ஷி அவனுக்கு இரண்டாவது தேத்தண்ணீரை நீட்டினாள். அவன் வாங்கி ஊதி ஊதிக் குடித்தான்.

மூன்றாவது துண்டு தைத்துக்கொண்டிருக்கையில் நிலக்ஷி பிள்ளையைக் கொண்டுவந்து போர்வையின் நடுவில் கிடத்தினாள். அவன் இரண்டு காலையும் உதைத்தான், கொட்டாவி விட்டான், பிறகு சாவதானமாக நனைத்தான். ஈரம் வேலாயியின் சிவப்பிலிருந்து கிளிப்பச்சை வரைக்கும் பரவியது.

"ஐயோ, அம்மான்ரை சீலை" என்று ரஜனி எழுந்தாள்.

"கம்பளி உள்ள இருக்கு, ஒரு ஆளாப் புழிய ஏலாது" என்றாள் அழகம்மா. "அந்தப் பக்கம் நீங்க பிடிங்க."

இருவரும் போர்வையைப் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.