வலது பக்கக் கட்டங்கள்

எங்கள் ஊரில் வடகரைக்கும் தென்கரைக்கும் நடக்கும் சண்டை அட்டவணைப்படிதான் நடக்கிறது. தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பிரெஞ்சுப் புரட்சி, வலது பக்கம் நாங்கள். மேலே 'ஒப்பிடுக' என்று தலைப்பு. இடது கட்டத்தில் இருப்பது வலது கட்டத்தில் நடந்தாக வேண்டும். நடந்ததும் மேற்பார்வையாளர் அருளப்பன் வந்து சிவப்பு மையில் டிக் போடுவார். டிக் போட்டதைப் பிறகு யாரும் தொட முடியாது.

நான் வரலாற்று ஆசிரியர். கோடு நேராகப் போடுவேன் என்பதால் அட்டவணையை என்னிடம் கொடுத்தார்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

முதல் கட்டங்கள் சிரமம் தரவில்லை. அங்கே சிறையை உடைத்தபோது உள்ளே ஏழு கைதிகள் இருந்தார்கள். எங்கள் சிறையில் ஐந்து பேர்தான். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரை இரவல் வாங்கி உள்ளே உட்காரவைத்துவிட்டு உடைத்தோம். அங்கே பெண்கள் ரொட்டி கேட்டு அரண்மனைக்கு நடந்தார்கள். இங்கே அரிசி கேட்டு ஷேர் ஆட்டோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். நடக்காததற்காக அருளப்பன் அரை டிக்தான் போட்டார். அங்கே மன்னரின் தலை போனது, இங்கே நகராட்சித் தலைவரின் தலை. தலைவெட்டும் கில்லட்டின் கிடைக்காததால் அச்சகத்தில் காகிதம் வெட்டும் எந்திரத்தை லாரியில் கொண்டுவந்தார்கள். நான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். பிறகு அங்கே போலவே இங்கேயும் வாரத்துக்குப் பத்து நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் கறிக்கடைக்காரர் இளைத்துவிட்டார்.

ஏழாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் என் கையெழுத்திலேயே இருந்தது: 'பட்டியல்களில் ஒப்பமிட்டவரே அதே கத்திக்குப் போனார்.'

கத்திக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலில் எங்கள் கரையில் ஒப்பமிடுபவர் சந்தனராசு, என் மனைவி அமுதவல்லியின் அண்ணன். கொள்கை கிள்கை எதுவும் அவருக்குக் கிடையாது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். வாட்ஸப்பில் பட்டியல் வரும். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

"ஏழாவது இன்னும் காலியா இருக்கே சார்," என்றார் அருளப்பன். "எட்டாம் நாளுக்குள்ள முடிச்சிடுங்க."

அன்று பத்து நாள் வாரத்தின் ஆறாம் நாள். எனக்குப் பயமாக இருந்தது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பென்சிலைச் சீவினேன், மறுபடி சீவினேன். எழுத ஒன்றும் இல்லை.

"என்ன மாப்ளே, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறீங்க?" என்றார் சந்தனராசு, ரசத்தை உறிஞ்சியபடி.

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றேன். அவருடைய கழுத்தைப் பார்க்காமல் பேசுவது கஷ்டமாக இருந்தது.

அவர் போன பிறகு அமுதவல்லி அட்டவணையை எடுத்து நிதானமாகப் படித்தாள்.

"பத்தாவது பரீட்சையில 'ஒப்பிடுக'ன்னு கேட்டதுக்கு நான் வேறுபடுத்தி எழுதிட்டு வந்தேங்க. ஃபெயில் போட்டாங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"அந்தத் தப்பை நீங்க இப்பப் பண்ணுங்க."

இருபது வருடமாக இதே தப்புக்குப் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். தலைப்பை அழித்துவிட்டு 'வேறுபடுத்துக' என்று எழுதினேன்.

எட்டாம் நாள் அருளப்பன் வந்து தலைப்பைப் படித்தார். சந்தனராசுவைப் பார்த்தார். அவர் உயிரோடு இருந்தார். வேறுபாடு சரியாக இருந்ததால் டிக் விழுந்தது. அமுதவல்லி அடுப்படிக்குள் போய் அழுதாள். நான் அந்த வாரத்தில் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

"இது கடைசிக் கட்டம்," என்றார் அருளப்பன். இடது பக்கம் 'பத்து ஆண்டுகளில் முடிந்தது' என்று இருந்தது. அவர் தலைப்பை இன்னொரு தடவை பார்த்தார். "அப்ப நம்மது முடியாது," என்று வலது பக்கம் எழுதி, அதற்கும் டிக் போட்டார். ஆற்றின் அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டது. கூடுதல் தாள்களும் அவற்றைக் கட்ட நூலும் சாயங்காலம் வந்து இறங்கின.

கூடுதல் தாளில் வலது பக்கம் தினமும் நிரம்புகிறது. சந்தனராசு இன்னும் ஒப்பமிட்டுக்கொண்டிருக்கிறார். இடது பக்கம் முடிந்துபோனதால் அங்கே எழுத ஒன்றுமில்லை. ஆனால் காலிக் கட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் குற்றம்தான். ஆகவே இப்போது இடது பக்கத்திலிருந்து மார்கரீத் என்ற பெண் வருகிறாள். வெள்ளைத் தொப்பி, மரச்செருப்பு, கையில் நோட்டு. இங்கே நடப்பதைக் குறித்துக்கொண்டு போவாள். அதற்கு மாறானதை அங்கே நடத்த வேண்டும்.

நேற்று மதியம் சந்தனராசு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். மார்கரீத் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"உங்க அண்ணனா?" என்று அமுதவல்லியிடம் கேட்டாள்.

"ஆமா."

"எனக்கும் அங்கே ஒரு அண்ணன் இருக்காரு."

"இன்னும் கொஞ்சம் போடு தாயி," என்றார் சந்தனராசு.

அமுதவல்லியின் கையில் கரண்டி சற்று நேரம் நின்றது. பிறகு சோற்றைப் போட்டாள். மார்கரீத் குறித்துக்கொண்டாள். மோர் ஊற்றும்வரை அங்கே திரும்பிப் போகாமல் காத்திருந்தாள்.