பின்சீட்டு பெல்ட்

அன்று விடியற்காலையில் பீங்கான் பொம்மைச் சூளை திறந்தபோது இருந்தவர்கள்: மேஸ்திரி உலகநாதன், அவர் மகன் மணிபாரதி, பொம்மை அடுக்கும் பாஞ்சாலை, அவள் நாத்தனார் ராஜம்மாள், வண்ணம் பூசும் அன்பரசி, சூளை வண்டி தள்ளும் தேவநாதன். முதலாளி கோதண்டபாணி அங்கே இல்லை. இல்லாதவர் பிறகு என்ன சொன்னார் என்பதற்காகவே இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சூளைக்குள் இரவின் கனல் அடங்கவில்லை. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தேவநாதன் வண்டியை வெளியே இழுத்தான். வெந்த பொம்மைகளைப் பெண்கள் தட்டுத் தட்டாக இறக்கினார்கள். முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தும் வெள்ளை மண் தூசி தொண்டையை அறுத்தது. ஒவ்வொரு பொம்மையையும் வைக்கோலில் சுற்றிப் பெட்டிக்குள் அசையாதபடி இறுக்கினார்கள். அசைந்தால் உடையும். விருத்தாசலத்தில் இது யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய சங்கதி இல்லை.

கம்மாபுரம் பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்து திரும்ப, முன்பு கம்பெனி வேன் இருந்தது. கூலியைக் குறைத்த கையோடு கோதண்டபாணி வேனையும் நிறுத்தினார். பஸ்ஸில் வந்தால் வேலைக்குத் தாமதம், தாமதமானால் கேட்டை அடைத்துவிடுவார்கள். “ஒங்க காரு சும்மாத்தான நிக்குது மேஸ்திரி, ஆளுங்கள ஏத்திக்குங்க, பெட்ரோல் நான் போடுறேன்” என்று அவரே உலகநாதனிடம் சொன்னார். முதலாளி வாயால் தன் காரின் பேச்சு வந்ததில் உலகநாதனுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தச் சின்னக் கார் அவர் பரம்பரையில் முதல் கார். மோதவிட்டுச் சோதித்ததில் அதற்கு நாலு நட்சத்திரம் கிடைத்தது என்று மணிபாரதி சொன்னதிலிருந்து, டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அவர் வாயில் அந்த நாலு நட்சத்திரம்தான். மண் படிந்த புடவையும் கையும் பட்டுச் சீட்டு கெட்டுவிடக் கூடாதென்று பின்சீட்டுக்கு உறை தைத்துப் போட்டார். பெல்ட் மாட்டும் கொக்கிகள் உறைக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பது பார்வையாக இல்லை, அவற்றை உள்ளே தள்ளித் தைத்துவிடு என்று தையற்காரனிடம் சொன்னவரும் அவர்தான். முன்சீட்டில் மட்டும் அப்பனும் மகனும் ஒழுங்காக பெல்ட் போட்டுக்கொள்வார்கள். போலீஸ் அபராதம் போட்டால் குடும்பத்துக்கு அவமானம்.

அன்று சூளை இறக்கி முடித்து ஊர் திரும்ப, மூன்று பேர் சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். டிக்கியில், வழியில் கடையில் இறக்கக் கம்பெனி ஏற்றிவிட்ட பொம்மைப் பெட்டிகள். விடிந்தும் விலகாத பனி மூட்டத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பழுதாகி விளக்கில்லாமல் சாலையில் நின்றது. மணிபாரதி பிரேக்கை மிதித்தும் கார் போய் மோதியது.

முன்னால் காற்றுப்பைகள் விரிந்தன. உலகநாதனுக்கு மார்பில் பெல்ட் அழுத்திய தடம் மட்டுமே. மணிபாரதிக்கு அதுவும் இல்லை. பின்னாலிருந்து எகிறி வந்த பாஞ்சாலைக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. ராஜம்மாளுக்குத் தோள் இறங்கிவிட்டது. மற்ற இருவருக்கும் முகமெல்லாம் காயம். டிக்கியில் ஒரு பொம்மைகூட விரிசல் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் பாஞ்சாலையின் கட்டில் கால்மாட்டில் உலகநாதன் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே மேஸ்திரி?” என்று பாஞ்சாலைதான் முதலில் கேட்டாள். பிறகு, “சீட்டு உறை வீணாப்போயிருக்குமே. அம்மாம் ரத்தம்” என்றாள்.

குத்திக்காட்டுகிறாளா, மெய்யாகவே கவலைப்படுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. எதுவானாலும் தாங்க முடியவில்லை.

நெற்றியில் கட்டோடு நின்ற தேவநாதன் சொன்னான்: “மோதிப் பாக்குற பொம்மைக்கே பெல்ட்டு மாட்டித்தான் மோத வுடுவாங்களாம். நாலு நட்சத்திரம் அதுக்கு குடுத்ததுங்க. எங்களுக்கு இல்ல.”

அன்று மாலை கோதண்டபாணி வீடு தேடி வந்தார். சொந்தக் காரில் வேலையாட்களை ஏற்றியது தெரிந்தால் காப்பீடு கிடைக்காது, மணிபாரதி கோர்ட் ஏற வேண்டிவரும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். “கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கம்பெனிக்கும் பொறுப்பில்ல, ஒங்க பையனையும் நான் பாத்துக்கறேன். மானமா வாழ்ந்த குடும்பம், யோசிங்க.”

அவர் போன பிறகு உலகநாதன் மனைவி சிவகாமசுந்தரி டம்ளர்களை எடுத்தபடி சொன்னாள்: “கோயிலுன்னே சொல்லிக்கலாம். கொக்கிய உள்ள வச்சி தைக்கச் சொன்னத எந்தச் சாமிகிட்ட சொல்லுவீங்க?”

அவர் நிமிர்ந்து நடக்கிற மனிதர். மறுநாள் கம்பெனி கேட்டை நோக்கிப் போகும்போது தலை தானாகக் கவிழ்ந்தது.

ஆட்கள் அங்கே கூடியிருந்தார்கள். அது சொந்தப் பயணம், மேஸ்திரியே சாட்சி என்று கோதண்டபாணி அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பி உலகநாதனைப் பார்த்தார்கள்.

“சூளை எறக்கிட்டு வூட்டுக்குப் போன ஆளுங்க இவங்க” என்றார் உலகநாதன். “நீங்க சொல்லித்தான் ஏத்தினேன். டிக்கியில இருந்தது ஒங்க சரக்கு. பெல்ட்டு போட முடியாம பண்ணது நான். கறை படியும்னு பண்ணேன். அத எங்க வேணாலும் சொல்லுவேன்.”

“ஒங்க மகன்தான் மாட்டுவான் மேஸ்திரி.”

“போலீஸ் ஸ்டேஷன்ல நடந்தத சொல்லிட்டுத்தாங்க வரேன்” என்றான் பின்னால் நின்ற மணிபாரதி. உலகநாதனுக்கு அது அப்போதுதான் தெரியும்.

யாரும் அவரைப் புகழவில்லை. முகத்துக் காயம் ஆறாத அன்பரசி, “அந்த உறைய தைக்கறதுக்கு முந்தி யோசிச்சிருக்கலாம்” என்றாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

ஆட்கள் அங்கேயே தங்களுக்குள் பேசித் தீர்மானித்தார்கள். பாஞ்சாலைக்கும் ராஜம்மாளுக்கும் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும். வேன் திரும்ப வர வேண்டும். அதுவரை யார் காரிலும் ஏறுவதில்லை. எல்லோரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். ஒருவருக்குக் கேட் அடைத்தால் மற்றவர்களும் உள்ளே போவதில்லை. தானும் அந்த பஸ்ஸில் வரலாமா என்று உலகநாதன் கேட்டார்.

“நிக்கத்தான் எடமிருக்கும்” என்றான் தேவநாதன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவர் நின்றுகொண்டே வந்தார். வளைவில் பஸ் சாய்ந்தபோது ஒரு கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. யாருடைய கை என்று அவர் பார்க்கவில்லை.

கோதண்டபாணி மிரண்டுபோய் மறுநாளே புது வேன் விட்டார் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். வேன் வரவில்லை. வைத்தியப் பொறுப்பையும் கம்பெனி ஏற்கவில்லை. ஒரே பஸ்ஸில் தாமதமாக வந்து இறங்கியவர்கள் எல்லோரும் அடைத்த கேட்டுக்கு வெளியே சேர்ந்தே நிற்கிறார்கள். உள்ளே சூளை ஆறிக் கிடக்கிறது.