யாரும் இல்ல

ஜிகினாச் சட்டையின் இடுப்பில் தையல் விட்டுப்போயிருந்தது. அதை ஊசியால் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், பள்ளிக்குக் கிளம்பிய மகள் வாசற்படியில் நின்று சொன்னாள்: "இன்னைக்கு ஸ்கூல்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா. ப்ளீஸ்."

மகள் படிக்கிற பள்ளியிலேயே கணவர் மேஜிக் ஷோ ஒப்புக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் மறைகிற மாய ராணி அம்மாதான். பதினைந்து வருஷமாக அதே ராணி, அதே சட்டை.

மேடையேறியதுமே முன்வரிசையில் கிசுகிசுப்பும் சிரிப்பும். காதில் விழாத மாதிரி பெட்டிக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. அதைச் சாய்த்துவிட்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து அதன் பின்னால் குறுகிக்கொண்டால், பார்க்கிறவர் கண்ணுக்குப் பெட்டி காலி. கல்யாணமான புதிதில் பூனை மாதிரி சுருண்டுகொள்வாள். இன்று முட்டி இடித்துக் கண்ணாடி பாதியிலேயே நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை.

"உள்ள ஆள் இருக்கான்னு பாக்க ஒரு பிள்ளை வரட்டும்!" என்றது கணவரின் குரல். விவரம் தெரியாத டீச்சர் யாரையோ பிடித்து அனுப்பினார். பெட்டியின் சின்ன ஜன்னல் திறந்தது.

மகள்.

பிதுங்கிய சதை, மறுபடி விட்டுப்போன தையல், வியர்வையில் கரைந்து வழிந்த கண்மை. ஒன்றையும் மறைக்க முடியவில்லை. இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் அப்படியே நின்றன.

"யாரும் இல்ல," என்றாள் மகள், தடுமாறாமல்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"எப்படிச் சமாளிச்சா பாத்தியா! என் பொண்ணாச்சே!" ஷோ முடிந்ததும் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வழிந்த கண்மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றத்தான் சொன்னாளா, மனசில் இருந்ததைச் சொன்னாளா? பெற்ற பிள்ளையிடம் அதைப் போய்க் கேட்பதா? அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தனக்கு வந்ததே ஒரு நிம்மதி, அதை நினைத்தபோதுதான் உடம்பெல்லாம் கூசியது.

மேடைக்குப் பின்னால் உடை மாற்ற மறைவில்லை. பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கொக்கிகளை அவிழ்க்கத் தொடங்கினாள். பின்னால் காலடிச் சத்தம். மகள் கீழே கிடந்த கறுப்புத் துணியை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, எட்டி உயரப் பிடித்தாள்.

"யாருடி உள்ள?" துணிக்கு அந்தப் பக்கம் ஒரு தோழியின் குரல்.

அவிழ்த்த கொக்கியோடு அம்மாவின் கை நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம், துணியின் மேல் விளிம்பை இறுகப் பற்றியிருந்த விரல்கள் மட்டும்தான்.