வெள்ளிக்கிழமை மட்டும் தெரிந்த ஃபோல்டர்

திருக்கோகர்ணத்தில் ராஜலட்சுமி அக்கா நடத்தும் கல்யாண ஆல்பம் கடையில் சர்வர் கம்ப்யூட்டருக்குத்தான் முதல் மரியாதை. கல்லாப்பெட்டிக்குக்கூட அதற்குப் பிறகுதான். கண்ணாடிக் கதவுக்குள், முருகன் படத்துக்குக் கீழே, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு அது உட்கார்ந்திருக்கும். அக்கா காலையில் வந்து சூடம் காட்டிவிட்டுத் தன் கையாலேயே சுவிட்சைப் போடுவார். வேறு யாரும் தொடக் கூடாது. அதை வாங்கி, பொருத்தி, ஓடவைத்த எனக்கும் அதே சட்டம்தான்.

கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளில் லினக்ஸ் இலவசம் என்று நான் வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கடையில் வேறு எதுவும் நுழைந்ததில்லை. படங்கள் எல்லாம் சர்வரில் இருக்கும். டிசைன் செய்யும் பெண் தன் கம்ப்யூட்டரைப் போட்டால், சர்வரில் இருக்கும் ‘ஆல்பம்’ ஃபோல்டர் தானாக வந்து அவள் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலில் இதை மவுண்ட் ஆவது என்போம். ஒருவேளை சர்வர் எழுந்திருக்காவிட்டால், எழும்வரை சத்தமில்லாமல் முயன்றுகொண்டே இரு என்றும் எழுதி வைத்திருந்தேன். நல்ல ஏற்பாடு என்று அப்போது எனக்கே என்மேல் பெருமை.

திங்கட்கிழமை அக்கா போன் செய்தார்.

“தம்பி, கீரனூர் கல்யாணப் படம் மொத்தத்தையும் இந்தப் புள்ள அழிச்சுப்புட்டா. போட்டோகிராபர் கேமரா கார்டையும் காலி பண்ணிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போயிட்டாரு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கெடைக்கலைன்னா அவளை வேலைய விட்டு நிறுத்தப் போறேன். வந்து பாருங்க.”

போனேன். ‘புள்ள’ என்றது ஃபெமினாவை. ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடியும் அழுதிருந்தாள்.

நானும் என் வித்தையை எல்லாம் காட்டினேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஃபோல்டர் சமர்த்தாக வந்து ஒட்டிக்கொண்டது. திரும்ப அணைத்துப் போட்டேன், திரும்ப ஒட்டியது. என்னைக் கண்டால் எந்த மிஷினும் இப்படித்தான், மாமியாரைக் கண்ட மருமகள் மாதிரி அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்ளும். சர்வரில் தேடினேன். கீரனூர் கல்யாணம் அங்கே காலடி வைத்த சுவடே இல்லை.

“கை தவறி அழிஞ்சிருக்கும்” என்று சொல்ல வாயெடுத்தேன். அதைவிட வசதியான கண்டுபிடிப்பு எங்கள் தொழிலில் கிடையாது.

“சார், ஒண்ணு சொல்லவா? அக்கா திட்டுவாங்க” என்றாள் ஃபெமினா.

“சொல்லும்மா.”

“வெள்ளிக்கிழமை காலையில நான் தொறக்கும்போது ஃபோல்டர்ல பழைய வேலை ஒண்ணுமே இல்ல சார். அக்காதான் எடுத்து வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். அன்புமொழி அண்ணன் பேருல மட்டும் ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. நான் கீரனூர் படத்த எல்லாம் அதுல ஏத்தி, வேலைய முடிச்சு சேவ் பண்ணிட்டு சாப்பிடப் போனேன். வந்து பாத்தா பழசெல்லாம் இருக்கு. என்னோடதும் இல்ல, அண்ணனோடதும் இல்ல.”

“பாத்தீங்களா தம்பி, பொய்யக்கூட பொருத்தமாச் சொல்லத் தெரியல” என்றார் அக்கா. “அந்த அன்புமொழியும் இதே சீட்டுல ஒக்காந்து எம் மக பிரகதீஸ்வரி வளைகாப்புப் படத்த அழிச்சுட்டுப் போனவன்தான். இவ அவன் பேர இழுக்குறா.”

எனக்குச் சுருக்கென்றது.

“அக்கா, வெள்ளிக்கிழமை சர்வரை எப்பப் போட்டீங்க?”

“அன்னைக்கு விராலிமலைக்குப் போயிட்டு வந்தேன். இந்தப் புள்ளகிட்ட கடைச் சாவியக் குடுத்துருந்தேன். நான் வரும்போது பத்தரை தாண்டி ராகு காலம் பொறந்துருச்சு. ராகு காலத்துல யாராச்சும் சர்வரைப் போடுவாங்களா? பன்னெண்டுக்கு மேலதான் போட்டேன்.”

“வளைகாப்புப் படம் போச்சே, அந்த நாள்?”

அக்கா யோசித்தார். “அதுவும் வெள்ளிதான். அன்னைக்கும் மலைக்குத்தான் போயிருந்தேன்.”

ஒட்டியிருந்த சர்வர் ஃபோல்டரை ஃபெமினாவின் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றினேன். தரையில் கிடக்கும் சாவியின் மேல் பாயை விரித்துவிட்டால் சாவி தெரியுமா? அவ்வளவுதான் விஷயம். சர்வர் தூங்கிய நேரத்தில், அதன் ஃபோல்டர் வந்து ஒட்ட வேண்டிய காலி இடத்தில், இவள் கம்ப்யூட்டரின் வெறுந்தரையில் படங்கள் இறங்கியிருக்கின்றன. ராகு காலம் முடிந்து சர்வர் எழுந்ததும் அதன் ஃபோல்டர் வந்து மேலே படுத்துக்கொண்டது. பாயைச் சுருட்டியதும் அடியில் கீரனூர் கல்யாணம் முழுதாக இருந்தது. பக்கத்திலேயே அன்புமொழியின் ஃபோல்டர்.

அக்கா வளைகாப்புப் படங்களைத் திறந்து பார்த்துக் குலுங்கி அழுதார். பிறகு எழுந்துபோய்ச் சர்வருக்கு இன்னொரு சூடம் காட்டினார்.

“பாத்தீங்களா தம்பி, சாமி ஒண்ணையும் அழிய விடல” என்றார். ஃபெமினாவின் பக்கம் திரும்பி, “சரி போ, ஒன்னைய மன்னிச்சுட்டேன். வேலையப் பாரு” என்றார்.

எதற்கு மன்னிப்பு என்று ஃபெமினா கேட்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

“அக்கா, அன்புமொழி அண்ணன்கிட்ட யாரு சொல்றது?”

அன்புமொழியைப் புதுக்கோட்டையில் எந்த ஸ்டூடியோவும் சேர்க்கவில்லை. படத்தை அழிக்கிறவன் என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் அதே தெருவில், நாலு கடை தள்ளி, ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு சொந்தமாகக் கடை போட்டிருந்தான்.

“அதான் கெடச்சிருச்சுல்ல” என்றார் அக்கா. “முடிஞ்சுபோனதை எதுக்குக் கிண்டிக்கிட்டு?”

ஃபெமினா தலையாட்டினாள். அன்புமொழியின் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் ஏற்றினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டீ குடிக்கப் போகிறாள் என்று அக்கா நினைத்தார்.

சர்வரைக் காலையில் முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ராகு காலத்தை மாற்ற நான் யார் என்று கேட்டார். ஆகவே ஃபெமினாவின் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்ததை மாற்றினேன். இனிமேல் சர்வர் வராத நேரத்தில் அந்த ஃபோல்டருக்குள் ஒரு படத்தைக்கூடப் போட முடியாது. போடப் பார்த்தால் முடியாது என்று திரையிலேயே சொல்லிவிடும். இந்தத் தடவை உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கட்டுமாவடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலையாக இருந்தபோது அக்கா கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, சர்வர் நல்லா ஓடுது. ஃபோல்டர் வந்துருச்சு, எல்லாப் படமும் இருக்கு.”

“அப்புறம் என்னக்கா?”

“ஃபெமினா அந்த அன்புமொழி கடையில ஒக்காந்திருக்கா. இங்கிட்டு திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறா. வேலை பாக்கத்தான் ஆளு இல்ல. அவ திரும்பி வர்றதுக்கு என்ன செய்யணும்?”

மணி பதினொன்று. ராகு காலம் முடியட்டும், தானாக வந்து ஒட்டிக்கொள்வாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பாவம் என்று அடக்கிக்கொண்டேன்.

“நாலு கடை நடந்து போகணும்க்கா” என்றேன். “போய் அவனைக் கூப்பிட்டு, நீ அழிக்கலைன்னு சொல்லணும்.”

அக்கா கேட்டார்.

“அதை நீங்களே வந்து சொல்லிற முடியாதா தம்பி?”